தலைக்கவசம் வந்த வழி



1935-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள். இங்கிலாந்தின் தென்பகுதியில் டார்செட் என்னும் வட்டாரத்திலுள்ள நாட்டுப்புறச் சாலை ஒன்றில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் விரைந்து வந்துகொண்டிருந்தார். சாலை ஓரிடத்தில் தாழ்ந்து பின் உயர்ந்தது. அங்கே சைக்கிளில் சென்றுகொண்டிருந்த இரு சிறுவர்கள் கடைசி நொடியிலேயே அவர் கண்ணிற்பட்டனர். அவர்கள்மீது மோதாதிருக்க வண்டியை ஒடித்துத் திருப்பினார், தூக்கியெறியப்பட்டார். சிறுவர்கள் பிழைத்தனர். தலையில் கடுங்காயமுற்ற அவர், ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 46. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸே அவர்.

நம் நாட்டுக்கு அவர் முற்றிலும் அயலாரல்லர். 1927-ஆம் ஆண்டிலும் 1928-ஆம் ஆண்டிலும், ‘ஷா’ என்ற பெயரில் விமானப் படையின் சாதாரண ஊழியராக, பிரிவினைக்கு முந்திய இந்தியாவின் கராச்சியிலும் மிரான்ஷாவிலும் பணியாற்றியவர். மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில் அவருக்கிருந்த பழக்கமும் சாமானியமானதன்று. ப்ரஃப் சுப்பீரியர் என்னும் உயர்ந்தரக வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி நெடுந்தொலைவு ஓட்டியவர். அத்தகைய கைதேர்ந்தவருக்கே இது நேர்ந்தது. அன்று அவர் தலையில் கவசம் இல்லை.

தலைக்கவசம் அக்காலத்தில் அறியப்படாத பொருளன்று. இலண்டனுக்கு அருகிலுள்ள புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் மருத்துவராயிருந்த எரிக் கார்ட்னர் என்பார், கித்தான் துணியை அரக்கினால் கெட்டியாக்கி ஒரு கவசம் செய்வித்தார். 1914-ஆம் ஆண்டு மான் தீவில் நடைபெற்ற பந்தயத்தில் அது கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், அது பந்தயக்காரருக்கு உரியது, சாலையிற் செல்வோருக்கு வேண்டாதது என்ற எண்ணமே நெடுநாள் நிலவியது.

அவ்வெண்ணத்தை அசைத்தவர் ஒரு மூளை அறுவை மருத்துவர். ஆஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஹியூ கெய்ர்ன்ஸ் அவர். லாரன்ஸின் இறுதி நாட்களில் அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் அவரும் ஒருவர். காப்பாற்ற இயலவில்லை. சில ஆண்டுகளில் உலகப் போர் மூண்டது. இராணுவத் தூதர்கள் பலர் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு சென்றனர். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஊரெங்கும் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. இருளிலே விபத்துகள் பெருகின.

கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். போர் தொடங்கிய முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவரும் பின்னிருக்கையில் அமர்ந்தவருமாக 2,279 பேர் மாண்டனர். அதற்கு முந்திய 21 மாதங்களில் மாண்டவர் 1,884 பேர். தலைக்காயமே இச்சாவுகளுக்குப் பெருங்காரணமென அவர் கண்டார். கவசம் அணிந்திருந்து அடிபட்டோர் எழுவரை மட்டுமே அவர் பார்த்திருந்தார். அந்த எழுவரில் ஒருவரும் சாகவில்லை. 1941 அக்டோபரில் இவற்றை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார். அடுத்த மாதமே, பணியின்போது மோட்டார் சைக்கிள் ஓட்டும் இராணுவத்தினர் கவசம் அணியவேண்டுமெனப் பிரிட்டிஷ் இராணுவம் ஆணையிட்டது.

இராணுவம் ஒரு மாதத்தில் ஏற்றதைப் பொதுமக்களுக்குச் சட்டமாக்க அந்நாட்டுக்கு 32 ஆண்டுகள் தேவைப்பட்டன. 1973-ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் வந்தது. கெய்ர்ன்ஸ் 1952-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

இந்தியாவின் கதை என்ன? 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு நிறுவனம் தோன்றியது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 129-ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. கவசத்தை வாரினால் தலையோடு இறுகப் பிணைத்திருக்கவேண்டும் என்பதையும் அப்பிரிவு சொல்கிறது. இது வெறும் சட்ட நுணுக்கமன்று. கவசத்தின் வெளி ஓடு அடியின் வேகத்தைப் பரப்புகிறது. உள்ளிருக்கும் மென்மையான அடுக்கு நசுங்கித் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. வார் கட்டாத கவசமோ அடிபடும் முன்னரே தலையைவிட்டுக் கழன்றோடிவிடும். ஒருமுறை பலத்த அடி வாங்கிய கவசத்தின் உள்ளடுக்கும் மறுபடி காக்காது, அதை மாற்றிவிடவேண்டும்.

சட்டம் வந்தும் பழக்கம் முழுதும் வரவில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் கவசம் அணியாத நிலையில் விபத்தில் மாண்டோர் நம் நாட்டில் 50,029 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இவர்களுள் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள்.

பம்பாயிலும் தில்லியிலும் புனேயிலும் பெங்களூரிலும் பிழைப்பை நாடி வாழும் நம்மவர்க்கு இவ்வரலாறு இரு பாடங்களை நினைவூட்டும். புதிய ஊரின் சாலை, நாம் பிறந்த ஊரின் சாலையைப்போல நமக்கு மனப்பாடமாயிராது. திருப்பத்துக்கும் மேட்டுக்கும் அப்பால் என்ன வருமென்பதை அறியோம். ஆகவே, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்திவிடக்கூடிய வேகத்திலேயே செல்லவேண்டும். வேகம் இரு மடங்கானால், பிரேக்கைப் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இது முதற்பாடம், ஓட்டுபவரின் திறமையைச் சேர்ந்தது.

திறமை எவ்வளவு இருப்பினும், பிறர் திடீரென எதிர்ப்படும் கணம் ஒன்று வரக்கூடும். அக்கணத்துக்கென்று வைத்துக்கொள்வதே தலைக்கவசம். அது இரண்டாம் பாடம். காலையில் பணிக்குப் புறப்படும்போது, பின்னால் அமரும் மனைவி மக்களுக்கும் கவசம் கொடுத்து, வாரைக் கட்டிவிட்டு, அதன் பிறகு வண்டியைக் கிளப்புங்கள். ஊரிலிருந்து கடிதத்தையும் தொலைபேசியையும் எதிர்பார்த்திருக்கும் பெற்றோருக்கு நாம் செய்யக்கூடிய எளிய கடமை அது.