ஸ்கிப் இன்ட்ரோ காலத்துத் தமிழ்

கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன் மக்களே, பொறுத்தருள்க. ஆனா இது வெறும் சொந்தக் கதை இல்லை. பாதிதான் சொந்தக் கதை, மீதி வரலாறு. யூனிகோடு வர்றதுக்கு முன்னாடி, வந்தும் யாரும் சீந்தாத காலத்துல, சென்னையில ஒரு வெப் டிசைன் ஏஜென்சியில் பொட்டி தட்டினவன் நான். அங்கே நாங்க காசு வாங்கிக்கிட்டு செஞ்ச தமிழ்ப் பக்கங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துடுச்சு. அதே வருஷங்கள்ல பைசா வாங்காம சில பேர் செஞ்சு வச்சது இன்னிக்கும் நிக்குது. ஏன்னு யோசிச்சா, தர்மம் ஜெயிச்சதுங்கற மாதிரியான காரணம் எதுவும் இல்லை. எழுத்தை எப்படி வச்சாங்க, யார் கையில கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

இந்தியாவுக்குப் பொதுமக்கள் இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். புண்ணியத்துல. அதே வருஷம் அக்டோபரில் சிங்கப்பூர்ல நா. கோவிந்தசாமி தமிழை வலையில ஏத்திட்டார். தமிழின் முதல் இணையப் பக்கம்னு பொதுவா சொல்றது அதைத்தான். சிங்கப்பூர்க் கவிதைகளை நாலு மொழியிலும் போட்ட ஒரு தளம் அது. சரி, ஏத்தியாச்சு, படிக்கிறவன் கம்ப்யூட்டர்ல தெரியணுமே? அங்கதான் வில்லங்கம்.

அப்போ எழுத்துரு செய்றவங்க என்ன பண்ணினாங்கன்னா, ஆங்கில எழுத்துகள் உட்கார்ந்திருந்த இடத்துல தமிழை உட்கார வச்சாங்க. பாமினி எழுத்துருவுல 'சி' இருக்கிற இடத்துல உ, 'எல்' இருக்கிற இடத்துல ட, 'ஏ' இடத்துல ய, 'எச்' இடத்துல கால் வாங்கி. எங்க ஊர் பேரோட முதல் மூணு எழுத்து 'உடையா' இருக்கே, அது கம்ப்யூட்டருக்கு சி-ஐ-எல்-ஏ-எச். அந்த எழுத்துரு இருந்தா தமிழ், இல்லாட்டி ஏதோ கிறுக்கல். இதுல ஆளாளுக்கு ஒரு வரிசை வேற. விகடனுக்கு ஒண்ணு, குமுதத்துக்கு ஒண்ணு, தினமலருக்கு ஒண்ணுன்னு இறக்கி வச்சுப் படிச்ச காலத்தை மறந்திருக்க மாட்டீங்க. பிரவுசிங் சென்டர்ல மணிக்கு இவ்வளவுன்னு காசு கட்டி உட்கார்ந்தவன், எழுத்துருவை இறக்கி நிறுவுறதுக்குள்ள பாதி நேரம் போயிடும். இதைச் சீர்படுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு நடந்து, டாம், டாப்னு ரெண்டு குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்துச்சு. பயன்? இருந்த பத்தோட இன்னும் ரெண்டு சேர்ந்துச்சுன்னு எங்க ஏஜென்சியில் கிண்டல் பண்ணுவாங்க. (விசைப்பலகையைச் சொல்லலை, அது தங்கம். இப்பவும் அதுலதான் தட்டறேன்.)

நான் வேலைக்குச் சேர்ந்தது 2001. டாட்காம் பலூன் வெடிச்சு ஒரு வருஷம் ஆகியிருந்துச்சு. டைடல் பார்க் திறந்து ஒரு வருஷம். பெரிய கம்பெனிகள்ல ஆள் எடுக்கலை. ஆனா ரெண்டு ரூம், ஆறு கம்ப்யூட்டர், ஒரு டயல்-அப் கனெக்‌ஷன் வச்சு நடந்த சின்ன ஏஜென்சிகளுக்கு வேலை குறையலை. ஜவுளிக்கடை, கல்யாண மண்டபம், சினிமாக் கம்பெனி எல்லாருக்கும் வெப்சைட் வேணும், அதுவும் ஆடணும் பாடணும். தமிழ்ல தலைப்பு சுத்திக்கிட்டே வரணும், குத்துவிளக்கு தானா எரியணும், மூலையில 'ஸ்கிப் இன்ட்ரோ'ன்னு ஒரு பட்டன் இருக்கணும். பார்க்கிறவன் முதல்ல அமுக்கறது அதைத்தான்னு எங்களுக்கும் தெரியும், காசு கொடுத்தவருக்குத்தான் தெரியாது :-)

ஃப்ளாஷ் மேல எங்களுக்கு அவ்வளவு காதல் வந்ததுக்கு ஆட்டம் பாட்டம் மட்டும் காரணமில்லை. தமிழ்தான் காரணம். ஃப்ளாஷ் கோப்புக்குள்ள எழுத்தோட கோட்டுருவத்தையே புதைச்சு அனுப்பிடலாம். பார்க்கிறவர் எந்த எழுத்துருவையும் இறக்க வேண்டாம், விண்டோஸ் 98 ஆனாலும் மேக் ஆனாலும் நாம வரைஞ்ச மாதிரியே தெரியும். எச்.டி.எம்.எல்.லுல கட்டம் கட்டமா வர்ற தமிழ், ஃப்ளாஷ்ல ஜம்முனு வந்து நின்னதும் நாங்க விழுந்துட்டோம். இன்னும் பாதுகாப்பா இருக்கட்டும்னு தலைப்புகளை 'பிரேக் அபார்ட்' பண்ணிடுவோம். அதாவது எழுத்தை எழுத்தா வைக்காம வெறும் வடிவமா உடைச்சிடறது. அப்புறம் அது 'அ' இல்லை, அ மாதிரி ஒரு படம். தேட முடியாது, நகலெடுக்க முடியாது. அப்போ யாரும் அதைப் பத்திக் கவலைப்படலை. தேடறதுக்கு யார் இருந்தா? அதோட, 2008ல் ஃப்ளாஷ் பிளேயர் 10 வர்ற வரைக்கும் யூனிகோடு தமிழை அதுக்குள்ள ஒழுங்கா அடுக்கவே முடியாது. கொம்பு, எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும்.

அந்த ஏஜென்சி வாழ்க்கையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லணும். உலகம் முழுக்க ஃப்ளாஷ் பண்ணினவங்க, செஞ்சதை மறைக்காம மூலக்கோப்போட பகிர்ந்துக்கிட்டாங்க. நியூயார்க்ல ஜோஷுவா டேவிஸ்னு ஒருத்தர், பிரேஸ்டேஷன் தளத்துல தன்னோட சோதனைகளைப் போட்டு, மூலக்கோப்பையும் எடுத்துக்கோன்னு கொடுத்தார். 2001ல் ஆர்ஸ் எலக்ட்ரானிகா பரிசு வாங்கின தளம். நாங்க அந்தக் கோப்பைத் திறந்து டைம்லைனை நகர்த்தி நகர்த்திப் பார்த்துத்தான் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் கத்துக்கிட்டோம். ராத்திரி பத்து மணிக்கு மேல போன் சார்ஜ் குறைவுன்னு காத்திருந்து இறக்குவோம். ஆபீஸ் லேன்ல 'பொது'ன்னு ஒரு ஃபோல்டர், எவன் எதைக் கண்டுபிடிச்சாலும் அதுல போட்டுடணும், எழுதாத சட்டம். ரிச்சி ஸ்ட்ரீட் போறவன் வெத்து சி.டி. வாங்கிட்டு வந்து அதைப் பிரதி எடுத்து மத்த ஏஜென்சி நண்பர்களுக்கும் கொடுப்பான்.

அமெரிக்கக்காரன் நிரலைச் சும்மா கொடுத்தான். நம்ம தமிழ் எழுத்துரு மட்டும் பூட்டுல இருந்துச்சு. நிஜமாவே பூட்டு: கம்ப்யூட்டர் பின்னாடி டாங்கிள்னு ஒரு கட்டையைச் சொருகினாத்தான் தமிழ் மென்பொருள் திறக்கும். ஆறு பேருக்கு ஒரு கட்டை. அதுக்கு நடந்த சண்டையைத் தனிப் பதிவா போடலாம்.

2002 ஆரம்பத்துல ஒரு டிராவல்ஸ்காரருக்காக எங்க பக்கத்து ஊர்களைப் பத்தி ஒரு ஃப்ளாஷ் தளம் வந்துச்சு. நான் உடையார்பாளையத்துக்காரன்ங்கறதால என் தலையில கட்டிட்டாங்க. எனக்குச் சக்கரைப் பொங்கல். கங்கைகொண்ட சோழபுரம், திருமழபாடி, ஏலாக்குறிச்சி, எங்க ஊர் அரண்மனை, எல்லாத்தையும் ஒரு வரைபடத்துல வச்சு, மவுஸ் போற இடம் விரியற மாதிரி செஞ்சேன். எங்க ஊர் பயறணீஸ்வரர் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. வியாபாரி ஒருத்தர் சுங்கத்துக்குப் பயந்து மிளகு மூட்டையைப் பயறுன்னு சொல்ல, நிஜமாவே எல்லாம் பயறாயிடுச்சாம். ஃப்ளாஷுக்குன்னே செஞ்ச புராணம் மாதிரி இல்லே? மூட்டை மேல கர்சரை வச்சா மிளகு பயறா மாறும். அந்த ரோலோவருக்கு மட்டும் ரெண்டு நாள் உழைச்சேன்.

எல்லாம் முடியற நேரத்துல ஒரு கூத்து. பெரம்பலூர்லேர்ந்து பிரிச்சு 2001 ஜனவரியில்தான் அரியலூரைத் தனி மாவட்டமா ஆக்கியிருந்தாங்க. 2002 மார்ச் 31ல் திரும்ப பெரம்பலூரோட சேர்த்துட்டாங்க. காலையில டீம் லீட் பேப்பரோட வந்து, "ஏம்ப்பா உடையார்பாளையம், உங்க மாவட்டத்தைக் காணோமாமே?"ன்னார். "ஆமாண்ணே, எல்லைக்கோட்டை அழிக்கணும்"னேன். அழிச்சேன். (2007 நவம்பரில் மறுபடியும் அரியலூர் தனியானப்ப அந்த ஏஜென்சியே இல்லை. யாரும் என்னைக் கோடு போடச் சொல்லலை.)

நாங்க இப்படி ஆணி புடுங்கிட்டிருந்த அதே காலத்துல வேற ஒரு கூட்டம் வேற மாதிரி வேலை செஞ்சிட்டிருந்துச்சு. 1998 பொங்கல் அன்னிக்கு சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரமும் அமெரிக்காவுல இருந்த குமார் மல்லிகார்ஜுனனும் சேர்ந்து மதுரைத் திட்டத்தை ஆரம்பிச்சாங்க. உலகம் பூரா இருக்கிற தமிழர்கள் ஆளுக்கொரு நூலை எடுத்துத் தட்டச்சு பண்றது, இன்னொருத்தர் பிழை பார்க்கிறது, யார் வேணாலும் இலவசமா எடுத்துக்கிறது. டிசைனர் கண்ணுல பார்த்தா அந்தப் பக்கங்கள் படு மொக்கை. வெள்ளைத் தாள், கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். ஆனா கவனிங்க: முதல்ல இணைமதி, மயிலை எழுத்துருக்கள்ல போட்டாங்க. 1999ல் தன்னார்வலர்கள் கூடிப் பேசி உருவாக்கின திஸ்கி வந்ததும் அதுக்கு மாத்தினாங்க. 2004 வாக்குல யூனிகோடுக்கு மாத்தினாங்க. எழுத்தை எழுத்தாவே வச்சிருந்ததாலதான் இப்படி வீடு மாத்த முடிஞ்சது.

அதிராம்பட்டினம் உமர்தம்பியை இங்க சொல்லாம விட்டா பாவம். யூனிகோடு எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டர்லயும் தமிழ் தெரியணும்னு தேனீ எழுத்துருவைச் செஞ்சு, பக்கத்தோட சேர்ந்தே இறங்கற இயங்கு எழுத்துருவாவும் கொடுத்தார். 2004, 2005ல் நம்மாளுங்க வார்ப்புருவுல அந்த ஒரு வரியை ஒட்டிக்காதவங்க குறைவு. ஏஜென்சிகள் ஃப்ளாஷைக் காட்டித் தீர்த்ததா நினைச்ச சிக்கலை, எழுத்தை உடைக்காமலே தீர்த்த மனுஷன். 2006ல் காலமானார். அவர் பூட்டுக் கட்டை எதுவும் விக்கலை.

இதுல எங்க ஊருக்கும் ஒரு ஒட்டுறவு இருக்கு. கச்சிக் கல்யாணரங்கர் காலத்துல கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையம் சமஸ்தானத்து வித்வான். அவர்கிட்ட சங்கீதம் கத்துக்கிட்டவர் வேங்கடசுப்பையர். அந்த வேங்கடசுப்பையர் மகன்தான் நம்ம உ.வே.சா. அந்த அரண்மனை எப்படி இருந்துச்சு, யார் பாடினாங்க, என்ன மரியாதை நடந்துச்சுங்கறது இன்னிக்குத் தெரியுதுன்னா பெருமளவு தாத்தா எழுதி வச்சதாலதான். கட்டடம் இடிஞ்சு கிடக்கு. ஏட்டுச்சுவடியோட பொழப்பும் இதேதான். ஓலைக்கு ஆயுசு கொஞ்சம், பழசாக ஆக யாராவது உட்கார்ந்து புது ஓலையில பிரதி எடுக்கணும். எடுத்த வீட்டுல நூல் பிழைச்சுது, பூட்டி வச்ச வீட்டுல செல்லரிச்சுது. கரிவலம்வந்தநல்லூர்ல பழைய ஏடுகளை ஹோமத்துல போட்டுட்டாங்கன்னு கேட்டு தாத்தா துடிச்ச கதை தெரியும்தானே. ஆடாத அசையாத அந்த மதுரைத் திட்டத்துப் பக்கங்கள்ல அவரோட எழுத்தும் பத்திரமா இருக்கு.

ஃப்ளாஷ் கதை சுருக்கமா. 2005 கடைசியில மேக்ரோமீடியாவை அடோபி வாங்குச்சு. 2007ல் வந்த ஐபோன்ல ஃப்ளாஷுக்கு இடமே இல்லை. 2010 ஏப்ரல்ல ஸ்டீவ் ஜாப்ஸ் ஏன் இல்லைன்னு பகிரங்கமாவே எழுதினார். 2020 டிசம்பர் 31ல் அடோபி கையைக் கழுவிடுச்சு, பதினஞ்சு நாள் கூட ஆகலை, பிளேயரே கோப்புகளைத் திறக்க மறுத்துச்சு. நாங்க செஞ்ச தளங்களுக்கு அதெல்லாம் தேவைப்படலை. டொமைன் பணம் கட்டாம அதுக்கு முன்னாடியே போயிடுச்சுங்க.

என்கிட்ட அந்த 'பொது' ஃபோல்டர் சி.டி. ஒண்ணு இருந்துச்சு. ரஃபிள்னு ஒரு கட்டற்ற மென்பொருள், பழைய ஃப்ளாஷ் கோப்புகளை உலாவியில ஓட வைக்குது. அதுவும் ஊர் கூடி எழுதினதுதான். போட்டுப் பார்த்தேன். வரைபடம் வந்துச்சு. மிளகு பயறாச்சு. அப்புறம் கோப்பைப் பிரிக்கிற கருவி ஒண்ணுல போட்டு உள்ளே இருந்த வரிகளை உருவினேன். எல்லாம் சி-ஐ-எல்-ஏ-எச் வகையறா. அதை அப்படியே சுரதாவோட பொங்குதமிழ் மாற்றியில ஒட்டினா, கோயில் கதையும் சோழபுரத்துக் குறிப்பும் யூனிகோடுல வந்து விழுந்துச்சு. இருபது வருஷத்துக்கு முன்னாடி காசுக்குச் செஞ்சதை, காசு வாங்காத ஒருத்தரோட கருவி மீட்டுக் கொடுத்துச்சு.

அரண்மனைப் பக்கம் மட்டும் வரலை. அழகா இருக்கணும்னு அந்தப் பக்கம் முழுக்க எழுத்தை உடைச்சு வடிவமாக்கியிருந்தோம். உருவினா கோடும் வளைவுமா வருது, எழுத்தா வரலை. திரையில பார்த்துப் பார்த்து கையால தட்டிட்டிருக்கேன். நாற்பத்திரண்டு வரியில பத்தொன்பது முடிஞ்சிருக்கு.