பள்ளிக் கதவும் வகுப்பறைச் சன்னலும்: ஆக்லாந்தில் கொள்ளைநோய்க் காலங்கள், 1918–2022

கொள்ளைநோய் வந்தால் முதலில் பூட்டு விழுவது பள்ளிக்கூடத்துக்கு. ஆனால் பள்ளியை மூடினால் பிள்ளை வீட்டுக்குத்தான் போகிறது. அந்த வீடு எப்படிப்பட்டது? நியூசிலாந்தின் பெருநகரான ஆக்லாந்து இந்தக் கேள்வியை நேராகச் சந்திக்க ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1918 அக்டோபர் 12இல் நயாகரா என்ற கப்பல் ஆக்லாந்துத் துறைமுகத்துக்கு வந்தது. இன்ஃபுளுவென்சாவைக் கொண்டுவந்த பழி அதன்மேல் விழுந்தது. வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி ரைஸ் அதை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. அடுத்த இரண்டு மாதங்களில் நாடெங்கும் 9,000 பேர் வரை இறந்தனர். பூர்வகுடிகளான மாவோரி மக்களின் இறப்பு வீதம் ஐரோப்பியரைப் போல ஏழு மடங்குக்கும் மேல். பள்ளிகள் மூடப்பட்டன, சில தற்காலிக மருத்துவமனைகளாயின. துத்தநாக சல்பேட் கலந்த ஆவியை உள்ளிழுக்க மக்கள் மூடிய அறைகளில் கூடினார்கள். கூட்டம் வேண்டாம் என்று சொன்ன அதிகாரிகளே கூட்டம் சேர்த்த வேடிக்கை இது. இந்தப் பேரழிவின் படிப்பினையாக 1920இல் புதிய சுகாதாரச் சட்டம் வந்தது. 1912இல் தொடங்கியிருந்த பள்ளி மருத்துவப் பரிசோதனையும் சுகாதாரத் துறையின் பொறுப்புக்கு மாறியது.

இளம்பிள்ளைவாதம் வேறு வகை. அது கோடையில் பரவும். அங்கே கோடை என்பது டிசம்பர், ஜனவரி. ஆகவே பள்ளியை மூடுவதென்றால் விடுமுறையை நீட்டுவதுதான். 1925இன் தொடக்க மாதங்களில் அப்படி நீட்டினார்கள். பாடங்கள் அஞ்சலில் போயின. 1947 இறுதியில் ஆக்லாந்திலிருந்து நோய் மறுபடி கிளம்பியபோது அஞ்சலோடு வானொலியும் சேர்ந்தது. நீச்சல்குளம், சினிமா எதற்கும் பிள்ளைகள் போகக்கூடாது. தடுப்பூசி இல்லாத நிலையில் வேறு என்னதான் செய்திருக்க முடியும்? 1956இல் சால்க் தடுப்பூசி வந்ததும் நிலைமை மாறியது.

அந்த மாற்றம் முழுமையாகத் தெரிந்தது 2004இல். மூளையுறையைத் தாக்கும் மெனிங்கோகாக்கல் பி நோய் 1991 முதலே பரவிவந்தது. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த மாவோரி, பசிபிக் தீவுக் குடும்பங்களின் பிள்ளைகளையே அது அதிகம் தாக்கியது. அதற்கென உருவாக்கிய தடுப்பூசி இயக்கம் தெற்கு ஆக்லாந்தில் தொடங்கியது. பொதுச் சுகாதாரச் செவிலியர்கள் பள்ளிக்கே வந்து, பெற்றோர் கையெழுத்திட்ட படிவத்தைச் சரிபார்த்து, வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கு ஊசி போட்டார்கள். 2006க்குள் 20 வயதுக்குட்பட்ட 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். நோய்க்கு அஞ்சி மூடிய இடமே நோயைத் தடுக்கும் இடமாயிற்று. 2009 ஏப்ரலில் மெக்சிகோவிலிருந்து திரும்பிய, ஆக்லாந்தின் ரங்கிடோட்டோ கல்லூரி என்ற உயர்நிலைப் பள்ளியின் மாணவர்களிடம் பன்றிக் காய்ச்சல் தெரிந்தபோதும் பயணக் குழுவினரைத்தான் தனிமைப்படுத்தினார்கள். நாட்டின் பள்ளிகளை மூடவில்லை.

கோவிட் வந்ததும் பழைய பூட்டே திரும்பியது. 2021 ஆகஸ்டில் டெல்டா பரவி ஆக்லாந்து முடங்கியபோது சிறு வகுப்புகள் நவம்பர் 17 முதல்தான் படிப்படியாகத் திறந்தன. தமிழ்நாட்டில் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை திறந்தது அதே மாதம் 1ஆம் தேதி. தேதிகள் அருகருகே இருந்தாலும் ஆக்லாந்துப் பிள்ளைகள் அந்த முறை வீட்டிலிருந்தது மூன்று மாதம், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ 19 மாதம். எனினும் மூன்று மாதமே தெற்கு ஆக்லாந்தை உலுக்கப் போதுமாயிருந்தது. கணினி இல்லாத வீடுகள், ஒரே அறையைப் பகிர்ந்த அண்ணன் தம்பிகள், குடும்பத்துக்காக வேலைக்குப் போய்ப் பள்ளிக்குத் திரும்பாத மேல்வகுப்பு மாணவர்கள். இவர்களைப் பொறுத்தவரை பள்ளி மூடல் பாதுகாப்பு அல்ல.

2022இல் அணுகுமுறை மாறியது. ஜனவரி 17 முதல் 5 முதல் 11 வயதினருக்குத் தடுப்பூசி. நான்காம் வகுப்பு முதல் முகக்கவசம். வகுப்பறைக் காற்றைச் சோதிக்கப் பள்ளிகளுக்குக் கரியமில வாயு அளவி. வெளிக்காற்றில் அந்த வாயு 10 லட்சத்துக்கு ஏறத்தாழ 420 பங்கு. சன்னல் அடைத்த வகுப்பில் முப்பது பேர் மூச்சுவிட்டால் எண் விறுவிறுவென்று ஆயிரத்தைத் தாண்டும். உடனே சன்னலைத் திறக்க வேண்டும். குளிர்காலத்தில் ஆசிரியருக்கு இது தினசரிப் போராட்டம். நல்ல காற்றுக்காக 1924லேயே கிறைஸ்ட்சர்ச்சின் ஃபெண்டல்டன் பள்ளியில் திறந்தவெளி வகுப்பறை கட்டிய நாடு இது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒமிக்ரான் அலையிலும் பள்ளிகள் திறந்தே இருந்தன. ஆனால் 2022இன் இரண்டாம் பருவத்தில் ஒழுங்காக, அதாவது 90 சதவீதத்துக்கு மேல், பள்ளிக்கு வந்த மாணவர்கள் நாடு முழுவதிலும் 40 சதவீதம்கூட இல்லை.