பல் பேணலும் பல் பதித்தலும்: பெங்களூர்த் தமிழர் வழக்கில் ஒரு சொல் வரலாறு

1. முன்னுரை

ஒரு சமுதாயம் தன் உடலைப் பேணும் முறையில் மாற்றம் நேரும்போது, அதன் மொழியிலும் அம்மாற்றம் பதிவாகின்றது. புதிய பொருளோ செய்முறையோ வருங்கால் பழைய சொல் பொருள் விரிவு பெறுகின்றது. அல்லது பிறமொழிச் சொல் வந்து சேர்கின்றது. அல்லது புதுச் சொல் ஆக்கப்படுகின்றது. பல் மருத்துவம் இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே காட்டும் துறையாகும். குச்சி, பொடி, பற்பசை, வேர்ச் சிகிச்சை, செயற்கைப் பல்வேர் என இத்துறை கடந்து வந்த படிகள் ஒவ்வொன்றும் தமிழில் தனித்தனிச் சொல்லடையாளங்களை விட்டுச் சென்றுள்ளன.

1809ஆம் ஆண்டில் படைமுகாம் அமைந்தது முதல் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய பெங்களூரில், இவ்வரலாறு மற்றொரு சிக்கலையும் கொண்டுள்ளது. அங்குத் தமிழ் பேசும் நோயாளி கன்னடம், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளின் வழியாகவே பெரும்பாலும் மருத்துவத்தை அடைகின்றார். எனவே, இருக்கும் பல்லைக் காப்பதா, அதனை எடுத்துவிட்டுச் செயற்கை வேர் பதிப்பதா என்னும் முடிவில் சொல்லும் ஒரு பங்கு வகிக்கின்றது. அப்பங்கினை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பல், எயிறு, தந்தம்

பல் என்பது திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களுள் ஒன்று. மலையாளத்தில் பல்லு எனவும், தெலுங்கில் பல்லு, பன்னு எனவும், பழங்கன்னடத்தில் பல் எனவும் இது வழங்குகின்றது. சொன்முதல் பகரம் ஹகரமாகத் திரிந்ததன் விளைவாக இன்றைய கன்னடத்தில் ஹல்லு என்றாயிற்று. பஹதா அம்சுமாலி முகோபாத்யாய் 2021இல் வெளியிட்ட ஆய்வொன்று, மேற்காசியப் பழமொழிகளில் யானையையும் யானை மருப்பையும் குறித்த பீரு முதலிய சொற்களை இப்பல் என்னும் வேருடன் உறவுடைய பீலு என்பதனோடு இணைக்கின்றது. சிந்துவெளிப் பகுதியில் பல்துலக்கப் பயன்பட்டு வந்த மரத்திற்கும் பீலு என்றே பெயர் வழங்குவதை அவ்வாய்வு ஒரு சான்றாகக் காட்டுகின்றது. சங்க இலக்கியம் உகாய் எனக் குறிப்பது இம்மரத்தையே ஆகும். யானைச் சொல்லுக்கும் பற்சொல்லுக்கும் இவ்வாய்வு காட்டும் உறவு மேலும் ஆராயத்தக்கது. ஆயினும் பல்லின் பெயரும் பல்லைப் பேணும் மரத்தின் பெயரும் ஒரே ஆய்வில் சந்திப்பது கருதத்தக்கதாகும்.

பழந்தமிழில் பல்லுக்கு எயிறு என்னும் சொல்லும் பெருவழக்காக இருந்தது. இன்று அது செய்யுள் வழக்காகச் சுருங்கிவிட்டது. வடமொழியிலிருந்து வந்த தந்தம் என்பதோ வேறு வழியில் சுருங்கியது. தந்தசுத்தி, தந்த வைத்தியம் முதலிய தொடர்களில் பல் என்னும் பொருளில் நின்ற அச்சொல், இன்றைய தமிழில் யானை மருப்பை மட்டுமே குறிக்கின்றது. கன்னடத்திலோ தந்த என்பது மருத்துவத் துறையின் அலுவல் சொல்லாகவே நிலைபெற்றுள்ளது. பெங்களூரில் 1958இல் தொடங்கப்பெற்ற அரசு பல் மருத்துவக் கல்லூரியின் கன்னடப் பெயரிலும் இச்சொல்லே உள்ளது. ஒரே சொல் அண்டை மொழிகளில் வெவ்வேறு பொருள் தாங்கி நிற்கும் நிலைக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்; கன்னடத்திலிருந்து பெயர்ப்போர் இதனை மறத்தல் ஆகாது.

3. தின்றல், துலக்கல், தேய்த்தல்

பல்லைத் தூய்மை செய்யும் வினைக்குத் தமிழில் வழங்கிய சொற்கள் கருவிக்கேற்ப மாறியுள்ளன. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவை இவ்வினையைக் கோல் தின்னுதல் என்னும் வழக்கால் குறிக்கின்றது. குச்சியின் முனையை மென்று, நார் நாராகப் பிரித்து, அதன் சாறு ஈறுகளிற் படுமாறு துலக்கிய முறையை அச்சொல் துல்லியமாகக் காட்டுகின்றது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதி தருவனவாகப் போற்றும் பழமொழி, சொல்லுக்கு உறுதி தரும் நாலடியாரையும் குறளையும் அவற்றோடு இணைத்துப் பேசுகின்றது. பல் உறுதியும் சொல் உறுதியும் நாள்தோறும் பயின்று பெற வேண்டியவை என்பதே அதன் கருத்து.

விளக்குதல், துலக்குதல் என்னும் சொற்கள் பாத்திரத்திற்கும் பல்லுக்கும் பொதுவானவை. இரண்டிலும் ஒளி பெறச் செய்தல் என்னும் பொருள் உண்டு. பொடியும் தூரிகையும் பரவிய பின்னர்த் தேய்த்தல் என்பது பெருவழக்காயிற்று. கன்னடத்தில் வழங்கும் ஹல்லுஜ்ஜு என்னும் தொடரிலும் உரசித் தேய்த்தலே வினைப்பொருளாகும். தமிழில் தேய்த்தல் என்னும் பிறவினைக்குத் தேய்தல் தன்வினையாக நிற்பது ஈண்டு நோக்கத்தக்கது. வன்மையாகத் தேய்த்தால் பல் தேயும். மேலுள்ள பற்சிப்பி ஒருமுறை தேய்ந்தால் மீண்டும் வளராது. செங்கற்பொடி, மணல், அடுப்புக்கரி ஆகியவற்றால் பல் தேய்க்கும் வழக்கத்தைப் பல் மருத்துவர் தடுப்பதன் காரணம் இதுவே. நலவாழ்வு அறிவுரைகளைத் தமிழாக்குவோர் தேய்த்தல் என்பதைத் தவிர்த்து, மென்மையாகத் துலக்குதல் எனப் பெயர்ப்பின் அறிவுரையின் உட்பொருளும் உடன்வரும்.

4. பொடியும் பயோரியாவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீட்டில் இடித்த பொடியின் இடத்தைக் கடைப்பொடி பெறலாயிற்று. மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பி. வி. பண்டிதர் 1913இல் நிறுவிய சத்வைத்தியசாலையின் பல்பொடி, நஞ்சன்கூடு பல்பொடி என ஊர்ப்பெயராலேயே கன்னட நாடெங்கும் அறியப்பட்டது. தமிழகத்தில் கோபால் பல்பொடி போன்றவை வானொலி விளம்பரங்களின் வாயிலாக வீட்டுச் சொற்களாயின. பல்பொடி, பற்பசை ஆகியவற்றில் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992இல் தடை செய்தது. ஆகவே பல்பொடி என்ற ஒரே பெயரின்கீழ் நன்மை தருவனவும் தீங்கு தருவனவும் விற்கப்பட்டமை தெளிவாகும்.

இக்கால விளம்பரங்கள் தமிழுக்குத் தந்த சொல் பயோரியா ஆகும். ஈற்றிலிருந்து சீழ் வடியும் நிலையைக் குறித்த இச்சொல்லை ஆங்கில மருத்துவ நூல்கள் கைவிட்டுப் பல காலமாகிவிட்டது. தமிழிலோ இது பொடிகளின் பெயரிலும் மக்கள் பேச்சிலும் நிலைத்துவிட்டது. மூலமொழியில் வழக்கிறந்த கடன்சொல் பெறுமொழியில் உயிர்வாழும் இந்நிலையைப் பயன்படுத்திக்கொள்வது அறிவுடைமையாகும். பல்லைத் தாங்கும் எலும்பும் நாரும் அழியும் நோய் என்று விளக்க வேண்டிய இடத்தில், மக்கள் பயோரியா என அறிந்துள்ள நோய் இதுவே எனச் சுட்டிவிட்டு, பின்னர் ஈற்றுநோய் என்னும் சொல்லை வழங்கலாம்.

5. சொத்தை என்னும் உருவகம்

பல் அரிப்பு நோயைத் தமிழர் சொத்தைப் பல் எனவும் பூச்சிப் பல் எனவும் வழங்குவர். கன்னடத்தில் இது ஹுளுகு ஹல்லு எனப்படும். ஹுளு என்பது தமிழ்ப் புழுவே. தெலுங்கில் பிப்பி பன்னு என்பர். பிப்பி என்பது சாறு நீங்கிய சக்கையைக் குறிக்கும். பல்லைப் புழு அரிக்கின்றது என்னும் நம்பிக்கை பாபிலோனியர் காலம் முதல் உலகெங்கும் இருந்துள்ளது. பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில் இதனை ஏற்க மறுத்தார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாவுப்பொருளையும் சர்க்கரையையும் அமிலமாக்க, அவ்வமிலம் பல்லைக் கரைக்கின்றது என்பதை 1890இல் மில்லர் விளக்கினார். எனினும் பல்லில் பூச்சி எடுப்பதாகக் கூறும் தெருவோர வைத்தியத்திற்கு இச்சொல் நெடுங்காலம் துணை நின்றது.

சொத்தை என்னும் சொல் மேலும் ஆராயத்தக்கது. சொத்தைக் கத்தரிக்காய், சொத்தைக் கடலை என்னும் வழக்குகளில் அது பயனற்றதாய் ஒதுக்கப்பட வேண்டியதைக் குறிக்கின்றது. ஒதுக்கத் தக்கது என்னும் இக்குறிப்பு பல்லுக்கும் ஏறிவிடுகின்றது. சொத்தை என்றவுடன் நோயாளியின் வாயில் அடுத்து வரும் வினை எடுத்துவிடுதல் அல்லது பிடுங்குதல் என்பதேயாகும். மருத்துவ நிலையோ இதற்கு மாறானது. தொடக்க நிலை அரிப்பினை ஃபுளோரைடு கொண்ட பற்பசையால் தடுத்து நிறுத்தலாம். குழி விழுந்தபின் அடைக்கலாம். பற்கூழ் நோயுற்றபின்னும் வேர்ச் சிகிச்சையால் பல்லைப் பெரும்பாலும் காக்கலாம். ஃபுளோரைடு பற்பசையை உலக நலவாழ்வு அமைப்பு 2021இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துள்ளது.

அதே ஃபுளோரைடு குடிநீரில் மிகும்போது பல்லைக் கறைப்படுத்துகின்றது. பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் இந்நோய் பரவியிருந்ததை 1937இல் ஷார்ட் முதலியோர் வெளியிட்டனர். பெங்களூரை அடுத்த கோலார், பாவகடா, கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் இச்சிக்கலை நெடுங்காலமாக அறிந்தவை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதன் பொருட்டே உருவாயிற்று. இப்பகுதிகளிலிருந்து பெங்களூர் வந்த மக்களின் பற்களிற் காணும் பழுப்புக் கறையைச் சொத்தை எனப் பெயர்த்தல் பிழையாகும். கறை வேறு; அரிப்பு வேறு.

6. நிலைப்பல்லும் நிரந்தரப் பல்லும்

பல்லை எலும்பில் பதிக்கும் இன்றைய முறை சுவீடனில் பிறந்தது. டைட்டேனியம் எலும்போடு பிரிக்கவியலாதவாறு இணைவதைப் பிரானெமார்க் 1952இல் முயல்களில் நடத்திய ஆய்வின்போது கண்டார். 1965இல் கோத்தன்பர்க்கில் முதன்முதலாக மனிதருக்கு இதனைப் பொருத்தினார். 1982இல் டொரண்டோவில் கூடிய மாநாட்டிற்குப் பின்னரே உலகெங்கும் ஏற்புப் பெற்றது. பல் முழுதும் இழந்தோர்க்கு இஃது ஒரு பெருங்கொடை என்பதில் ஐயமில்லை.

அதே சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆக்செல்சனும் லிண்டேயும் 1970களின் தொடக்கத்தில் மற்றோர் ஆய்வைத் தொடங்கினர். துலக்கும் முறையைக் கற்பித்து, குறித்த காலத்தில் ஆய்ந்து, தூய்மை செய்து வந்த மக்களை 30 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தனர். அவ்வளவு காலத்திலும் அவர்கள் இழந்த பற்கள், அகவைக் குழுவிற்கேற்ப, சராசரியாக ஒருவருக்கு 0.4 முதல் 1.8 வரையே என்பதை 2004இல் வெளியிட்டனர். பதித்தலைத் தந்த நாடே பேணலின் ஆற்றலையும் மெய்ப்பித்தது. காக்கத்தக்க பல்லை எடுத்துவிட்டுச் செயற்கை வேர் பதிக்கும் போக்கைக் குறித்து ஜியனோபிலேயும் லாங்கும் 2016இல் எழுதிய ஆசிரியவுரை எச்சரித்தது. இயற்கைப் பல்லைத் தாடையெலும்போடு இணைக்கும் நார், கடிக்கும் அழுத்தத்தை உணர்த்தவல்லது. செயற்கை வேருக்கு அந்நார் இல்லை. செயற்கை வேருக்குச் சொத்தை வாராது. ஆயினும் அதனைச் சூழ்ந்த ஈறும் எலும்பும் நோயுறும். புகை பிடிப்போர்க்கும், கட்டுக்கடங்கா நீரிழிவு உடையோர்க்கும், முன்னரே ஈற்றுநோயால் பல்லிழந்தோர்க்கும் இவ்விடர் மிகுதி. ஆகவே பதித்தல் பேணலிலிருந்து விடுதலை தருவதன்று.

இங்கேதான் பெயர்ப்புச் சிக்கல் எழுகின்றது. பால்பல் விழுந்தபின் முளைப்பது நிலைப்பல். அதனையே நிரந்தரப் பல் எனப் பாடநூல்கள் வழங்குகின்றன. விளம்பர வழக்கிலோ, கழற்றி மாட்ட வேண்டாத செயற்கைப் பல்லுக்கு நிரந்தரப் பல் என்னும் பெயர் சூட்டப்படுகின்றது. கழற்றவியலாதது என்பது ஒன்று. என்றும் அழியாதது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரு சொல் மயங்கச் செய்கின்றது. தன் வாயிலுள்ள நிரந்தரப் பல்லைச் சொத்தை என விட்டுக்கொடுத்து, நிரந்தரப் பல் என்ற பெயரால் உலோக வேரைப் பெறுபவர், எதனைக் கொடுத்து எதனைப் பெற்றார் என்பதை அச்சொற்கள் அவருக்கு உணர்த்துவதில்லை.

7. சொல்லாக்கமும் ஒப்புதலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884), முதலில் தமிழ்ச் சொல்லைத் தேடுதல், கிடையாதவிடத்து வடசொல்லை நாடுதல், அதுவும் இல்லாதவிடத்து ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்த்தல் என்னும் நெறியை மேற்கொண்டார். அந்நெறியுடன், சொல் தரும் உருவகம் பொருளுக்குப் பொருந்துகின்றதா என்னும் ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இம்ப்ளாண்ட் என்பதற்குப் பதியம், உள்வைப்பு, செயற்கைப் பல்வேர் ஆகியன எடுத்தாளப்படுகின்றன. பதியம் செவிக்கினிய சொல். ஆயினும் பதியமிட்ட கிளை உயிருடையது. தானே வேர்விட்டு வளர்வது. உயிர்த்திசுவை எடுத்து நடுவதற்கு மாற்றுப் பதியம் என்னும் வழக்கும் முன்னரே உண்டு. உலோகத்திற்கு அச்சொல்லை வழங்கின் அது தானே தன்னைக் காத்துக்கொள்ளும் என்னும் எண்ணம் பிறக்கும். உள்வைப்பு என்பது உண்மைக்கு மாறுபடாதது. எனினும் எதனை வைப்பது என்பதைக் கூறாது. செயற்கைப் பல்வேர் என்பதோ பொருளையும் இடத்தையும் இயற்கையன்று என்பதையும் ஒருங்கே உணர்த்துகின்றது. எனவே நோயாளிக்கான எழுத்தில் இதுவே தக்கது எனலாம்.

இது வெறும் சொல்லழகு பற்றியதன்று. சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் அளித்த தீர்ப்பின்படி, சிகிச்சையின் தன்மை, பயன், இடர் ஆகியவற்றுடன் மாற்று வழிகள் உளவாயின் அவற்றையும் நோயாளிக்கு உணர்த்தியபின் பெறுவதே உண்மையான ஒப்புதலாகும். பல்லைக் காத்தல் ஒரு மாற்று வழி. அதனைத் தமிழில் சொல்லும் சொல் இல்லாதவிடத்து, அல்லது இருக்கும் சொல் அதனை மறைக்குமிடத்து, ஒப்புதல் குறையுடையதாகின்றது. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள படிவத்தை உடன்வந்த மகனோ மகளோ வாய்மொழியாகப் பெயர்த்துக் கூறும் சூழலில், இக்குறை மேலும் பெரிதாகும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. நிலைப்பல் என்பதை இயற்கைப் பல்லுக்கே உரியதாகக் காத்தல் வேண்டும். கழற்றவியலாச் செயற்கைப் பல்லைப் பொருத்திய பல் எனலாம். சொத்தைப் பல் என்னும் மக்கள் வழக்கை விலக்க இயலாது. ஆனால் அதனை அடுத்துக் காக்கத்தக்கது, காக்கவியலாதது என்னும் பகுப்பைச் சேர்த்தெழுதலாம். தேய்த்தலுக்குத் துலக்கலையும், சிகிச்சைக்குப் பின்னுள்ள நாள்தோறுங் கடமைக்குப் பேணல் என்பதையும் வழங்கலாம். பேணல் என்பது விரும்பிக் காத்தலைக் குறிக்கும் பழஞ்சொல். கோல் தின்ற காலம் முதல் செயற்கை வேர் பதிக்கும் காலம் வரை கருவிகள் மாறினும் இக்கடமை மாறவில்லை. அதனைத் தெளிவுறச் சொல்லும் சொற்கள் பெங்களூர்த் தமிழருக்கு அவர்தம் மொழியிலேயே உள்ளன. படிவங்களிலும் கையேடுகளிலும் அவற்றை இடம்பெறச் செய்வது மொழிபெயர்ப்பாளர் கடனாகும்.