தீயில் தப்பிய ஏடுகள்

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பு நகரின் மீது குண்டு பொழிந்தன. துறைமுகத்தைத் தாக்க வந்தவை அங்கொடை மனநோய் மருத்துவமனையையும் விட்டுவைக்கவில்லை. நகரத்து மக்களிற் பலர் மூட்டை முடிச்சுகளோடு வெளியூர்களுக்கு ஓடினர். அதே 1942இலேதான் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் தோன்றியது. வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இன்று நிற்கும் அதன் நூலகத்திற் கால் வைக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுவது இயல்பே. அந்தக் குண்டுவீச்சு நாள்களில், கந்தோரில் எழுதுவினைஞராய் இருந்த ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்த தம் மனைவிக்கு எழுதிய கடிதம் எங்கே போயிற்று?

தளபதிகளின் அறிக்கையும் ஆளுநரின் தந்தியும் பேணப்பட்டுள்ளன. எழுதுவினைஞரின் கடிதத்தைப் பேணுவார் இல்லை. போர்க் காலத்தை அரசுகள் பதிந்துவைப்பது தமது தேவைக்காகவே. எளியவரின் குரல் அங்கே இடம்பெறுமாயின், அதுவும் அரசின் தேவையை ஒட்டியே இடம்பெறும்.

முதலாம் உலகப் போரின்போது பிரான்சிலே போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவர்களுட் பலர் எழுத்தறியாதவர்; பிறரைக் கொண்டு எழுதுவித்தனர். தணிக்கை அதிகாரிகள் அக்கடிதங்களைப் பிரித்துப் படித்து, பகுதி பகுதியாக ஆங்கிலத்திற் பெயர்த்து வைத்தனர். அப்பகுதிகளே இன்று இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் எஞ்சியிருக்கின்றன. ஜேர்மனியின் கைதி முகாம்களிலோ, மொழி ஆராய்ச்சியின் பொருட்டு, இந்தியக் கைதிகளின் பாட்டும் கதையும் ஒலித்தட்டுகளிற் பதியப்பட்டன. அவை பேர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன. ஒற்றனின் கண்ணும் காவலனின் கருவியும் இல்லையேல் அந்த உழவர் மக்களின் துயரம் நம்மை எட்டியிராது. வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று.

மக்கள் தமக்கென வைத்திருக்கும் ஆவணக்களரி அவர்களது நாவேயாகும். 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் இரவு ஜேர்மனியப் போர்க்கப்பலான எம்டன் சென்னை மீது குண்டு வீசிற்று. கப்பல் அவ்வாண்டே அழிந்தது. ஆயினும் சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனை ‘எம்டன்’ என்று சுட்டும் வழக்கு அழியவில்லை. நம் காலத்துப் போரும் அவ்வாறே சொற்களை விட்டுச் சென்றது. தலைக்கு மேல் இரைந்து வந்த விமானத்தைச் ‘சகடை’ என்றும், வன்னியில் இரவு பகலாய்ச் சுற்றிய ஆளில்லா உளவு விமானத்தை ‘வண்டு’ என்றும் மக்கள் அழைத்தனர். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் மிச்சப்படுத்திய ‘ஜாம் போத்தல் விளக்கு’ அக்காலத்து மாணவர் எல்லோரும் அறிந்ததே. இச்சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு சிறு சாசனம். அவற்றைப் பேசிய தலைமுறை மறைந்தால் பொருளும் மறைந்துவிடும்.

எழுதப்பட்டவற்றின் கதை இன்னும் கொடியது. அவற்றை மூன்று வகைத் தீ தின்றது எனலாம்.

முதலாவது, பகைவன் இட்ட தீ. 1981 மே 31ஆம் நாள் நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது; ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. 1983 யூலையில் வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வாக்காளர் இடாப்பைக் கையிற் கொண்டு கும்பல்கள் வீடு தேடி வந்ததாகக் கண்டோர் பலர் கூறியுள்ளனர். அரசின் ஏடு வழிகாட்ட, குடிகளின் ஏடுகள் எரிந்தன!

இரண்டாவது, அச்சம் இட்ட தீ. சோதனைச் சாவடிக்கும் சுற்றிவளைப்புக்கும் அஞ்சிக் கடிதங்களைக் கிழித்தவரும் படங்களை அடுப்பில் இட்டவரும் பலர். 2007 யூன் 7ஆம் நாள், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 370 பேருக்கு மேல் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்தது. அந்த அவசரத்தில் அவர்கள் எடுத்தது என்ன, விட்டது என்ன என்பதை எந்தப் பேரேடும் சொல்லாது.

அச்சத்தோடு அவநம்பிக்கையும் சேர்ந்த கதை கவிஞர் சிவரமணியினுடையது. 1991 மே மாதத்தில், தம்மிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டு, அவர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். இதழ்களிலும் நண்பர்களிடத்தும் தங்கியிருந்தவற்றைத் தேடித் திரட்டிச் சித்திரலேகா மௌனகுரு 1993இல் நூலாக்கினார். அதே 1991இன் ஓகஸ்டில் கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார், அவர் மீளவில்லை. பகைவனின் தீயை மட்டும் எழுதி, நம்மவர் அடைத்த வாய்களை எழுதாது விடின், நாம் பேணுவது வரலாறாகாது.

மூன்றாவது, அசட்டை என்னும் தீ. இது புகையின்றி எரிவது. கறையானும் ஈரமும் இடப்பெயர்வும் இதன் துணைவர்.

இத்தீக்களை மீறி எஞ்சியவை தற்செயலாக எஞ்சவில்லை. 1985இல் வந்த ‘மரணத்துள் வாழ்வோம்’, 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ ஆகிய தொகுப்புகள், போரின் நடுவிலேயே, நாளைக்கு இது வேண்டும் என்று உணர்ந்தவர்களாற் செய்யப்பட்டன. ஒரு கையெழுத்துப் படி எரிந்தாலும் நூறு அச்சுப் படிகள் நூறு வீடுகளில் வாழும். தொகுப்பாசிரியனின் அரசியல் அதுவே. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் அவ்வழியிற் சென்று, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் படியெடுத்து எல்லோருக்கும் திறந்துவைத்துள்ளது.

எனினும் அச்சேறாதவை இன்னும் வீடுகளிலேயே உள்ளன. வெள்ளவத்தையின் மாடிக் குடியிருப்புகளில், பிள்ளைகள் கடல் கடந்த பின் தனித்திருக்கும் முதியோரின் றங்குப்பெட்டிகளில், முகாமிலிருந்து வந்த கடிதமும் இடப்பெயர்வின்போது எழுதிய நாட்குறிப்பும் கிடக்கக்கூடும். அவர் மறைந்ததும் அறையை ஒழிப்போர் அவற்றை எடைக்குப் போடுவர். ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி இங்கேதான் உள்ளது. உரியவரின் இசைவோடு படியெடுங்கள். எழுதியவர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். பெயர் வெளிவருவது உயிருள்ளோருக்குத் தீங்காயின் அதனை மறையுங்கள். பாட்டியின் ஒப்பாரியை அவர் வாய்மொழியிலேயே பதியுங்கள், ‘திருத்தி’ எழுதாதீர்கள்.

1942இன் எழுதுவினைஞருடைய கடிதத்தை இனி நாம் மீட்க இயலாது. அவருடைய பேரப் பிள்ளைகளின் கடிதங்களை மீட்க இன்னும் நேரம் உண்டு.