புதையல் முதல் பீரோ வரை: தமிழக இல்லங்களில் காப்புப்பெட்டியின் இடமும் சாவியின் உரிமையும்

ஆய்வுச்சுருக்கம்

வீட்டில் செல்வத்தைக் காக்கும் பெட்டி எங்கு வைக்கப்பட்டது என்பது கள்வர் அச்சத்தால் மட்டும் முடிவான ஒன்றன்று. வீட்டினுள் யார் எதற்கு உரியவர் என்னும் வினாவும் அதனுள் அடங்கியுள்ளது. மண்ணில் புதைத்தல், இரும்புப் பெட்டி, எஃகு பீரோ ஆகிய மூன்று நிலைகளின் வழி இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இரும்புப் பெட்டி, புதையல், செட்டிநாட்டு வீடு, கன்னி மூலை, பீரோ, சீதனம்.

முன்னுரை

நந்தர் கங்கையின் நீரடியில் மறைத்து வைத்த நிதியத்தை அகநானூற்றின் 265ஆம் பாடலில் மாமூலனார் சுட்டுகிறார். செல்வத்தைக் காப்பது என்பது அதன் இருப்பிடத்தை மறைப்பதே என்ற எண்ணத்தின் பழைமைக்கு இது சான்று. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த கருக்காக்குறிச்சியில் 501 உரோமப் பொற்காசுகள் ஒரே தொகுதியாகக் கிடைத்தன. அவற்றை வைத்தவரோ அவர்தம் வழியினரோ மீட்டெடுக்கவில்லை என்பதாலேயே அவை பதினெட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் வெளிப்பட்டன. புதைத்தலின் குறை இங்குத் தெளிவாகிறது. இடம் ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால், அவரோடு செல்வமும் மறைகிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதைபொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதித்தது. அச்சட்டத்திற்குத் தேவை இருந்தது என்பதே, மறந்துபோன குடங்கள் மண்ணுள் பல இருந்தன என்பதைக் காட்டும்.

எடையே காவல்

இரும்புப் பெட்டி மறைவிடத்தை நாடவில்லை. இங்கிலாந்தில் சப் குடும்பத்தினர் 1818இல் பூட்டுக்கும் 1835இல் காப்புப்பெட்டிக்கும் காப்புரிமை பெற்றனர். இந்தியாவில் 1897இல் பூட்டுத் தொழிலைத் தொடங்கிய அர்தேஷிர் கோத்ரெஜ், 1902 முதல் பெட்டிகளைச் செய்யலானார். மண்சுவரில் கன்னம் வைத்துப் புகுந்த கள்வன் நகைப்பேழையைத் துளை வழியே இழுத்துச் செல்லலாம். பல நூறு கிலோ எடையுள்ள பெட்டியை அவ்வாறு செய்ய இயலாது. பெட்டி இருக்குமிடம் ஊரறிந்ததாயினும் தீங்கில்லை என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

எடைக்குத் தீயும் ஒரு காரணம். தீக்காப்புப் பெட்டிகளின் இரட்டைச் சுவர்களுக்கிடையே படிகாரம் போன்ற பொருள்கள் அடைக்கப்பட்டன. படிகாரத்தின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு நீரே. வெப்பம் ஏறும்போது அந்நீர் ஆவியாகி வெளியேறுவதால் உள்ளறை காகிதம் கருகும் அளவிற்குச் சூடேறச் சிறிது காலம் பிடிக்கும். ஆயின் அதே நீர்மப்பொருள் நாளடைவில் உள்ளே ஈரப்பதத்தையும் உண்டாக்கக்கூடும். ஆகவே பெட்டிக்குத் தரைத்தளமும், கல் பாவிய உறுதியான அடித்தளமும், ஈரம் ஏறாத சுவரும் வேண்டியிருந்தன. மர உத்திரங்களின் மீது செங்கல் அடுக்கிய மச்சுத்தளம், ஓரிடத்தில் குவியும் இத்தகைய எடைக்கு ஏற்றதன்று.

வளவும் பெட்டியும்

நகரத்தார் வீடுகளை இங்குச் சிறப்பாகக் கருதவேண்டும். வட்டித் தொழில் செய்வோருக்குப் பெட்டியில் உறங்கும் பணம் இழப்பே. பணம் இரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சுழன்றுகொண்டிருக்க, பெட்டியில் தங்கியவை பெரும்பாலும் கைச்சீட்டுகளும் அடமானப் பத்திரங்களும் நகைகளுமே. எனவே கள்வரைவிடத் தீ அவர்களுக்குப் பெரிய அச்சமாயிருந்திருக்கும். கடல்கடந்த கிட்டங்கிகளில் தொழில் பழகும் இளைஞன் ‘பெட்டியடிப் பையன்’ எனப்பட்டான். பெட்டியின் அருகே அமர்வதே பயிற்சியின் முதற்படி என்பதை அப்பெயர் உணர்த்துகிறது.

ஊரிலுள்ள வீட்டில் நிலைமை வேறு. வளவைச் சுற்றியமைந்த அறைகள் திருமணமான மகன்களுக்குத் தனித்தனியே ஒதுக்கப்பட்டன. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும் அவரவர் சமையல் தனி. வீடு பொது, அறை தனி என்னும் இவ்வமைப்பில், பெட்டி நிற்கும் இடமே அது யாருடையது என்பதைச் சொல்லிவிடும். தந்தையின் பொறுப்பிலுள்ள பெட்டி தொழிலுக்கும் குடும்பத்திற்கும் பொது. மகனின் அறைக்குள் உள்ள பெட்டியில் மருமகள் கொண்டுவந்த சீதனம் இருக்கும். இன்று காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேரும் பெட்டிகளில் இவ்வேறுபாடு புலப்படாது. அறையினின்று பெயர்க்கப்பட்ட பெட்டி தன் வரலாற்றின் பாதியை இழந்துவிடுகிறது.

கன்னி மூலை

பெட்டியைத் தென்மேற்கில், அதாவது கன்னி மூலையில் வைத்து, குபேரனின் திசையாகிய வடக்கு நோக்கித் திறக்கச் செய்யவேண்டும் என்பது மனைநூல் வழக்கு. கனமான பொருள் தென்மேற்கில் அமைய வேண்டும் என்ற பொதுவிதியோடு இது இயைகிறது. ஆயினும் இதில் ஒரு முரண் உண்டு. வீட்டின் தென்மேற்கு மூலை இரு புறச்சுவர்கள் சந்திக்குமிடம். கன்னம் வைப்போனுக்கு வெளியிலிருந்து எட்டும் இடமும் அதுவே. விதியை வீட்டின் மூலைக்கன்றி உள்ளறையின் மூலைக்கு உரியதாகக் கொண்டால் இம்முரண் பெரிதும் நீங்கும். நடைமுறையில் பலர் இவ்வாறே கொள்வதற்குச் சாத்திரப் புலமையைவிட வீட்டின் அமைப்பே காரணம் எனல் பொருந்தும்.

பீரோ: மெல்லிய தகடும் கனத்த உரிமையும்

1923இல் கோத்ரெஜ் எஃகு அலமாரியை அறிமுகப்படுத்தியது. பிரெஞ்சு மூலமுடைய ‘பீரோ’ என்னும் சொல் தமிழில் இதற்கே நிலைத்தது. பின்னர்ச் சீர்வரிசையில் கட்டிலோடும் பாத்திரங்களோடும் அதுவும் இடம்பெற்றது. பாதுகாப்பு நோக்கில் இது பின்னடைவே. தகடு மெல்லியது, கடப்பாரைக்கு முன் நில்லாது. ஆனால் இருவர் மூவர் தூக்கிவிடலாம் என்பதால் மாடிக்கும் வாடகை வீட்டிற்கும் செல்லக்கூடியதாயிற்று. வெளிக்கள்வனைவிட வீட்டிலுள்ளோர் கைகளையே அது தடுத்தது. தந்தையின் அறையிலிருந்த காவல் கணவன் மனைவியின் படுக்கையறைக்கு இடம்பெயர்ந்தது. உள்ளறையின் சாவி பெண்ணின் இடுப்புக் கொத்தில் சேர்ந்தது.

சாவி வைத்திருத்தலும் உரிமை பெற்றிருத்தலும் ஒன்றல்ல. பெண்ணின் நகை கணவன் வீட்டுப் பெட்டியில் வைக்கப்பட்ட அளவிலேயே குடும்பப் பொதுச் சொத்தாகிவிடும் என்ற வாதம் நீதிமன்றங்களிலும் இடம்பெற்றிருந்தது. பிரதிபா ராணி வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. புகுந்த வீட்டில் வைக்கப்பட்டாலும் சீதனம் அவளுக்கே முழுதும் உரியது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்டதை அவள் கேட்கும்போது தர மறுப்பின் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகும் எனத் தீர்ப்பளித்தது. செட்டிநாட்டு வளவில் அறையின் வாயிலே காட்டிய எல்லையை, சுவர்கள் குறைந்த சிறு வீட்டில் சட்டம் சொல்லவேண்டியிருந்தது. பீரோவின் உள்ளறையில் நகையோடு அதை வாங்கிய சீட்டையும் திருமணச் சீர்ப்பட்டியலையும் பெண்கள் சேர்த்துப் பூட்டிவைக்கும் வழக்கம் இப்பின்னணியில் பொருள் பெறுகிறது.