சாமி படத்துக்குப் பின்னால் அந்த அருவியை வரைந்தது யார்? கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜுவின் கதை

தூத்துக்குடி மாவட்டம் என்றதும் துறைமுகம், முத்து, உப்பளம் இதெல்லாம்தான் நினைவுக்கு வரும். ஆனால், இந்த மாவட்டத்திலிருந்து கிளம்பி, முத்தைவிட அதிகமான வீடுகளுக்குள் போன பொருள் ஒன்று உண்டு. அதுதான் காலண்டர் சாமி படம். கடற்கரையிலிருந்து சுமார் 60 கி.மீ. உள்ளே, கரிசல் மண்ணில் இருக்கிற கோவில்பட்டிதான் அந்தப் படங்களில் பலவற்றுக்குப் பிறந்த இடம்.

அந்தப் படங்களில் சாமியை எல்லோரும் பார்த்திருப்போம். பின்னால் இருக்கிற மலை, அருவி, தாமரைக் குளம், மாலை வானம் இவற்றை எத்தனை பேர் கவனித்திருப்போம்?

யார் இந்த கொண்டைய ராஜு?

சி.கொண்டைய ராஜு 1898-ல் சென்னையில் பிறந்தவர். 1850-ல் தொடங்கப்பட்ட சென்னை ஓவியப் பள்ளியில் முறையாகப் படித்தார். ரவி வர்மாவின் அச்சுப் படங்கள் வீடுகளுக்குள் வந்துகொண்டிருந்த காலம் அது. பிறகு திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் நாடகக் கம்பெனி. அங்கே அவருக்கு சீன் வரைகிற வேலை.

ஊர் ஊராகப் போன கம்பெனி, 1940-களின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் கலைந்தது. கொண்டைய ராஜு அங்கேயே தங்கிவிட்டார். போட்டோ ஸ்டுடியோ, ஓவியம் என்று பிழைப்பு தொடங்கியது. 1976-ல் இறக்கும்வரை அதுதான் அவருடைய ஊர். அப்போது கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது 1986-ல்தான்.

சீன் படுதாவில் என்ன இருக்கிறது?

காடு, தெரு, தர்பார் என்று ஒவ்வொரு காட்சிக்கும் தனித்தனி படுதா இருக்கும். துணியில் ஆயில் பெயின்ட் அடித்தால் கனம் கூடும், சுருட்டும்போது வெடிக்கும். அதனால் வண்ணப் பொடியை தண்ணீரில் கரைத்து, வஜ்ஜிரம் கலந்து பூசுவார்கள். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிகிற நிறம், காய்ந்ததும் வெளுத்துவிடும். எவ்வளவு வெளுக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போடத் தெரிந்தவர்தான் நல்ல சீன் ஓவியர்.

இன்னொரு சவாலும் உண்டு. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ‘இது தூரத்து மலை’ என்று புரியணும். அதற்காக தூரத்தில் இருப்பதை வெளிறிய நீலத்திலும், பக்கத்தில் இருப்பதை அடர்ந்த பச்சை, பழுப்பிலும் தீட்டுவார்கள். இயற்கைக் காட்சி வரைகிற எந்த வாட்டர் கலர் ஓவியரும் முதலில் கற்றுக்கொள்கிற பாடமும் இதுதான்.

காலண்டருக்கு வந்த மலையும் அருவியும்

பழைய காலண்டர் படத்தை ஒருமுறை உற்றுப் பாருங்க. நடுவில் சாமி, இரண்டு பக்கமும் தூண் அல்லது மரம், பின்னால் வெளிறிக்கொண்டே போகிற மலை. அப்படியே நாடக மேடை! நடிகர் நிற்கிற இடத்தில் சாமி நிற்கிறார், அவ்வளவுதான். கொண்டைய ராஜுவின் புகழ்பெற்ற மீனாட்சி கல்யாணம் படத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம்.

வழக்கமான வாட்டர் கலரில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளைதான். நிறம் மெலிசாக மேலே படியும். காலண்டர் ஓவியர்கள் பொதுவாகப் பயன்படுத்திய போஸ்டர் கலரும் தண்ணீரில் கரைவதுதான், ஆனால் தாளை முழுசாக மூடிவிடும். அச்சுக்கு இது வசதி. ஓவியத்தை கேமராவில் எடுத்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்காகப் பிரிக்கும்போது, நிறம் அழுத்தமாக இருந்தால்தான் படம் தெளிவாக விழும்.

அச்சடிக்க சிவகாசி பக்கத்திலேயே இருந்தது. தீப்பெட்டி லேபிளுக்காக அங்கே வளர்ந்த அச்சுத் தொழில், காலண்டருக்கும் கை கொடுத்தது. டி.எஸ்.சுப்பையா, டி.எஸ்.அருணாசலம், எம்.ராமலிங்கம், ஜி.செண்பகராமன் என்று கொண்டைய ராஜுவின் சீடர்களும் இதே பாணியில் வரைந்தார்கள். மழை குறைந்த கரிசல் பூமியில் உட்கார்ந்து அவர்கள் வரைந்ததெல்லாம் அருவியும் குளமும்.

பெயர் ஏன் மறைந்தது?

காலண்டர் ஒரு வருஷப் பொருள். ஜனவரியில் புதுசு வந்தால் பழையது பரணுக்கோ குப்பைக்கோ போகும். அதில் பெரிய எழுத்தில் இருப்பது ஜவுளிக்கடையின் பெயர். ஓவியரின் கையெழுத்து கீழ் மூலையில் பொடியாக இருக்கும். மறுபதிப்பில் ஓரத்தை வெட்டினால் அதுவும் போச்சு. இதனால் லட்சக்கணக்கானவர்கள் தினமும் கும்பிட்ட படத்தை வரைந்தவர் யார் என்றே தெரியாமல் போனது. கனடா ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் போன்றவர்கள் கோவில்பட்டி ஓவியர்களைப் பற்றி எழுதிய பிறகுதான் ஆய்வுலகம் இவர்களைத் திரும்பிப் பார்த்தது.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியாவில் ஓவியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அந்தக் கணக்கில் கொண்டைய ராஜு தனியாக வரைந்தவற்றுக்கு 2036 முடியும்வரை உரிமை இருக்கிறது. ஆனால், உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் அது வாங்கியவருக்குத்தான் சேரும்.

உங்கள் வீட்டில் பழைய படம் இருக்கா?

* தூக்கிப் போடும் முன் கீழ் மூலையைப் பாருங்க. ‘சி.கொண்டைய ராஜு’ என்றோ சீடர்களின் பெயரோ இருக்கலாம்.

* கையெழுத்தையும், கடைப் பெயரையும், ஆண்டையும் சேர்த்து போட்டோ எடுத்து வைங்க. படத்தின் காலத்தைச் சொல்லும் சாட்சி அதுதான்.

* லேமினேஷன் வேண்டாம். பிறகு பிரிக்க முடியாது.

* வெயில் படுகிற சுவரும், ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று ஈரத்தை இழுக்கும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.