ஓலையும் கடதாசியும்

யாழ்ப்பாணத்தில் எழுதுபொருள்களுக்கு வழங்கும் பெயர்களை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஓலை, ஏடு, எழுத்தாணி என்பன தமிழ்ச் சொற்கள். காகிதம் என்னும் சொல் பாரசீகத்தினின்றும், கடதாசி போர்த்துக்கேயத்தினின்றும், கொப்பி ஆங்கிலத்தினின்றும் வந்தவை. பெயரைப் போலவே பொருளும் பிறர் கைவழியே வந்து சேர்ந்தது.

பனை செறிந்த குடாநாட்டிலே எழுதுவதற்கு அயலாரை எதிர்பார்க்கும் நிலை முன்னாளில் இருந்ததில்லை. பதப்படுத்திய ஓலையிலே கணக்கும் வைத்தியமும் இலக்கியமும் எழுதப்பட்டன. கடதாசி அந்நிய ஆட்சியோடு வந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், காணி விவரங்களைத் தோம்புகளிற் பதிந்தனர். 1707இல் தேசவழமையைத் தொகுப்பித்தனர். அந்நாளில் ஐரோப்பாவில் கந்தைத் துணியைக் கூழாக்கியே கடதாசி செய்தனர். அக்கூழை அரைக்கும் புதிய பொறியொன்று ஒல்லாந்திலே தோன்றியது. அந்நாட்டுத் தாளும் பிறநாட்டுச் சந்தைகளிலே நன்மதிப்புப் பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுக்கலை இங்கு வேரூன்றியது. 1841இல் ‘உதயதாரகை’ வெளிவந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். செல்லரிக்கும் ஏடுகளிலிருந்த நூல்கள் அச்சேறிப் பிழைத்தன. ஆயினும், ஏட்டுக்குப் பனை உண்டு. அச்சுக்கு வேண்டிய தாளுக்கோ கப்பலை நோக்க வேண்டியதாயிற்று.

அந்நூற்றாண்டிலேயே மரக்கூழிலிருந்து தாள் செய்யும் முறை பரவியது. கந்தையின் காலம் மறையவே, காடு நிறைந்த கனடா, சுவீடன், பின்லாந்து முதலிய நாடுகள் பெரும் விற்பனையாளராயின. காடு குறைந்த நாடுகள் வேறு வழி தேடின. இலங்கையில் 1956இல் வாழைச்சேனைக் கடதாசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வைக்கோலே அதன் முக்கிய மூலப்பொருள். வைக்கோலின் நார் குறுகியதாதலின், உறுதிக்கு நீண்ட நாருடைய கூழையும் கலக்க வேண்டியிருந்தது. பின்னாளிற் போராலும் பிற இடர்களாலும் அவ்வாலை நலிந்து, பல்லாண்டு இயங்காதிருந்தது. தமிழ்நாட்டிலோ, 1979இல் நிறுவப்பட்ட அரசு நிறுவனம் கரும்புச் சக்கையைக் கொண்டு கரூருக்கு அண்மையிலே காகிதம் செய்யலாயிற்று; அவ்வூருக்குக் காகிதபுரம் என்றே பெயர்.

வாங்கும் நாட்டின் இடர் வழி அடைபடும்போது வெளிப்படும். 1990இன் பின்னர் நிலவிய பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணப் பத்திரிகைகள் கோடிட்ட கொப்பித் தாள்களிலும் அச்சாயின. 2006இல் ஏ-9 பாதை மூடப்பட்டபோது பத்திரிகைகளின் பக்கங்கள் குறைந்தன. 2022 மார்ச்சில் போரும் இல்லை, கடலும் திறந்தே இருந்தது. அந்நியச் செலாவணியின்றித் தாள் இறக்குமதி தடைப்பட்டதால் மேல் மாகாணப் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன.

இன்று உலகச் சந்தையிலே பத்திரிகைத் தாள் தாழ, பொதிசெய்யும் கடதாசி மட்டை உயர்ந்துள்ளது. உலகுக்குக் காகிதம் தந்த சீனா, நெடுங்காலம் பிறநாட்டுக் கழிவுத்தாளைப் பெருமளவில் வாங்கி மட்டையாக்கியது. 2021 முதல் அவ்விறக்குமதியைத் தடைசெய்துவிட்டது. கந்தை, மரம், வைக்கோல், சக்கை, கழிவுத்தாள் என மூலப்பொருள் மாறுந்தோறும் விற்போரும் வாங்குவோரும் இடம் மாறினர். எல்லா நாடும் எல்லாப் பொருளையும் செய்தல் இயலாது. எனினும், கையிலுள்ள வைக்கோலையும் கழிவுத்தாளையும் பயன்கொள்ளும் திறனை இழந்த நாட்டில், வாணிகத் தட்டுப்பாடு மாணவனின் கொப்பியிலேதான் முதலில் தெரியும்.